திருப்பதி ஸ்டேடியத்தில் நாலு குரல்

அரசு ஊழியர் எவரும் உரிய அதிகாரியின் முன் அனுமதி பெறாமல் தம் தலைமையிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. விடுமுறை நாளுக்கும் இது பொருந்தும். பணிக்காலம் முழுவதும் இந்த விதியை எடுத்து மற்றவர்கள் முன்னால் வைத்தவள் நான். மகளின் பிரசவத்துக்கு வேலூர் போனவரைக்கூட விட்டதில்லை. அதே விதி என் முன்னால் வந்து நின்ற ஒரே சமயத்தில், அதை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய்த் திருப்பதி பஸ் ஏறினேன்.

எண்பதுகளின் தொடக்கம். சித்தூரில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் ஜூனியர் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிற நேரம். அந்த இரண்டு வருடத்துக்கு ப்ரொபேஷன் என்று பெயர். அது முடிந்து, 'பணி திருப்திகரம்' என்று ஓர் உத்தரவு வந்தால் வேலை நிரந்தரம். அதற்குள் ஃபைலில் ஒரு கீறல் விழுந்தாலும் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

வீட்டுக்குப் போவதில் எனக்குச் சங்கடம் இல்லை. வீட்டிலிருந்து சூளூர்பேட்டைக்குப் போக வேண்டியிருக்கும், சங்கடம் அதில்தான். அங்கே இறால் வியாபாரம் செய்யும் ஒரு நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்னைப் பெண் கேட்டிருந்தது. மாப்பிள்ளைமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே முறை பார்த்தேன். அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்து, ஐஸ்கட்டி விலை ஏறிவிட்டதைப் பற்றி என் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், பேசினார். மிஷன் பள்ளித் தலைமையாசிரியரான நைனா, பள்ளிக்கூடத்துக்குத் தீர்ப்புச் சொல்வதுபோல் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வேலை நிரந்தரமானால் பெண்ணின் இஷ்டம், ஆகாவிட்டால் அவள் உங்கள் வீட்டுப் பெண். நைனா கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

இந்த நிலையில்தான் அந்த ராக் இசைக் குழு வந்து சேர்ந்தது.

நான்கு பேர், இங்கிலாந்துக்காரர்கள். உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அவர்கள் திருப்பதிக்கு வந்ததே இல்லை என்று நிரூபிக்க யாராவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சென்னையில் ஒரு நாள், பெங்களூரில் ஒரு நாள் வாசிக்க வந்தவர்கள். நடுவில் இரண்டு நாள் சும்மா. சென்னையிலிருந்து பெங்களூருக்கு அந்தக் காலத்து நெடுஞ்சாலை வழியாகப் போகிறவன் எவனாக இருந்தாலும் எங்கள் மாவட்டத்தை மிதித்துத்தான் ஆக வேண்டும். தவிர, அவர்களை அழைத்து வந்த ஏற்பாட்டாளர் திருப்பதிக்காரர். டெல்லியில் அனுமதி கிடைத்தால் சொந்த ஊரில் ஒரு கச்சேரி நடத்துவதாக ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். எல்லாரும் முடியைக் கொடுப்பார்கள். இவர் முடியோடு நாலு பேரைக் கொண்டுவந்தார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டினார்கள். நான்கு பேருக்கும் தோளுக்குக் கீழே தொங்கும் தலைமுடி. மலைக்குப் போகிற ஒரு குடும்பம் அதன் முன்னால் நின்று, "பாவம், எத்தனை வருஷ மொக்கோ" என்று தெலுங்கில் இரக்கப்பட்டதை நானே கேட்டேன். மொக்கு, அதாவது வேண்டுதலுக்காக வளர்த்த முடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கச்சேரி இரண்டாம் சனிக்கிழமை மாலை என்று போட்டிருந்தது. அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. நான் உடனே தலைமையிடம் நீங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். போகும் காரணம் என்ற இடத்தில், 'ராக் இசை நிகழ்ச்சி காண' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

சூப்பரிண்டெண்ட் அதைக் கண்ணாடியோடு ஒரு முறையும் கண்ணாடி இல்லாமல் ஒரு முறையும் படித்தார். தெலுங்குக்காரர். என்னிடம் தமிழ் பேசுவார், கோபம் வருகிற வரைக்கும்.

"ஏமம்மா, இதுக்கு முன்னால நம்ம ஆபீஸ்லருந்து யாராச்சும் இந்த மாதிரி போயிருக்காங்களா?"

"இல்லைங்க சார். இதுக்கு முன்னால அவங்க வந்ததில்லை."

"அப்போ ப்ரிசீடெண்ட் லேது, முன்னுதாரணம் இல்லை. முன்னால நடந்திருந்தா சைன் பண்ணலாம். முன்னால நடக்கலைன்னா மேல கேக்கணும்." பேனாவை மூடினார். "தரிசனம்னு எழுதும்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஆயிடும்."

அது உண்மை. எங்கள் அலுவலகத்தில் திருப்பதி தரிசனம் என்று எழுதிய விண்ணப்பத்தை யாரும் படித்ததுகூட இல்லை, கையெழுத்து மட்டும் விழும். மைத்துனனோடு சண்டை போடப் போனவர், பலமனேரில் கறவை மாடு பார்க்கப் போனவர் எல்லாரும் தரிசனத்துக்குத்தான் போனார்கள்.

"நான் கிறிஸ்டியன் சார்."

"அது சாமிக்குத் தெரியும்மா. ஃபைலுக்குத் தெரியாதே."

நான் மாற்றி எழுதவில்லை. பெரிய சத்திய வேட்கை ஒன்றும் இல்லை. அனுமதி இல்லாமல் போனால் ஒரு குற்றம். பொய்க் காரணம் எழுதிப் போனால் இரண்டு. இந்தக் கணக்கு எனக்கு அப்போதே நன்றாகத் தெரிந்திருந்தது. சூப்பரிண்டெண்ட், 'இது போன்ற கோரிக்கைக்கு முன்னுதாரணம் காணப்படவில்லை, உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி, விண்ணப்பத்தை எங்கள் அதிகாரிக்கு அனுப்பினார். அதிகாரியின் மேஜைக்குப் போனது. அங்கேயே தங்கியது.

எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று சொல்ல வேண்டும். காரணம் அண்ணன். பஜார் தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். ரிப்பேருக்கு வந்த டேப் ரிக்கார்டர் ஒன்றின் வயிற்றில் அந்தக் குழுவின் கேசட் ஒன்று சிக்கியிருந்தது. டேப் ரிக்கார்டரின் சொந்தக்காரர் வருகிற வரைக்கும் அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். சொந்தக்காரர் வர ரொம்ப நாளாயிற்று.

எங்கள் சபை பழைய மிஷன் சபை. அந்த வழியில் வந்தவர்களுக்குச் சோல்ஃபா என்பது கை வந்த வித்தை. ஐந்து கோடு போட்ட மேல்நாட்டு நொட்டேஷன் வேண்டாம். டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்தும், நடுவில் சில புள்ளிகளும் இருந்தால் போதும், எந்தப் பாட்டையும் நான்கு குரலுக்குப் பிரித்து எழுதிவிடுவோம். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டின் பின்புறத்தில்கூட ஆல்டோ எழுதியிருக்கும். அண்ணன் அந்தக் கேசட்டில் இருந்த மெதுவான பாட்டு ஒன்றை நான்கு குரலுக்கும் எழுதிவிட்டான். மேல் குரல், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் சித்தி மகள். அதற்குக் கீழே ஆல்டோ, அது நான். ஆண்களின் மேல் குரலான டெனர் அவன். அடிக்குரலான பாஸ் பாடத்தான் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் நைனா.

நைனாவிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைப் பாடகர் குழு ஒத்திகை முடிந்ததும் தாளை நீட்டி, "நைனா, புதுப் பாட்டு" என்றான். அவ்வளவுதான். பாட்டின் கடைசியில், எல்லாக் கீர்த்தனத் தாளிலும் இருப்பதுபோல், நான்கு குரலில் ஓர் ஆமென் சேர்த்திருந்தான். ஆமென் இல்லாத தாளை நைனா கையில் தொடமாட்டார்.

அது காதல் பாட்டு. யாருக்காகவோ காத்திருக்கிற ஒருவன் 'நீ எப்போது வருவாய்' என்று கேட்கிறான். அந்த 'நீ' யார் என்று பாட்டில் எங்கும் சொல்லவில்லை. நைனா, அது ஆண்டவர் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆண்டவரோட இரண்டாம் வருகையப் பத்தி இவ்ளோ நல்லா எவனும் எழுதலடா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தி மகள் இருமுவதுபோல் வெளியே போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நைனாவே கேட்டு வாங்கிப் பாடினார்.

கச்சேரிக்குப் போகிறோம் என்றதும் நைனா முதலில் ஒப்பவில்லை. பிறகு தானும் வருவதாகச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைங்கள அந்தக் கூட்டத்துல உட்டுட்டு நான் இங்க துன்னுட்டுத் தூங்கறதா? குடைய எடு."

"மழை இல்லியே நைனா" என்றான் அண்ணன்.

"மழைக்கு இல்லடா, கூட்டத்துக்கு."

என் அனுமதி விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடுகிற நேரத்தில் சூப்பரிண்டெண்டின் மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் டிபன் டப்பாவைப் பையில் வைத்தார்.

"மறுக்கலை. குடுக்கவும் இல்லை. பெண்டிங்" என்றார்.

"அப்போ நான் போலாமா சார்?"

"போகலாம்னு நான் சொல்லலை. போகக் கூடாதுன்னு ஆபீசரும் சொல்லலை. நீ படிச்ச பொண்ணு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சித்தி மகள்தான் பதில் சொன்னாள். "அக்கா, திருப்பதில கூட்டம் எவ்ளோ வரும்? அந்தக் கூட்டத்துல உன்ன எவன் பாக்கப் போறான்? சும்மா தலைய குனிஞ்சிக்கினு நின்னா போச்சு."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினோம். திருப்பதி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஒரு தரிசனம். மஞ்சள் வேட்டிக்காரர்களுக்கு நடுவில் நைனா வெள்ளைப் பேண்ட், டை, குடையோடு ஒற்றைக் காலில் நின்றார். பக்கத்தில் இருந்தவர் தெலுங்கில், "சாருக்கும் மொக்கா" என்று கேட்டார். நைனா, "இல்லை, பாதுகாப்பு" என்றார். எனக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது சிரிப்பு. சித்தூர் எல்லையைத் தாண்டினோம். முன் அனுமதி இல்லாமல் காற்று அடித்தது. முன் அனுமதி இல்லாமல் மாந்தோப்புகள் பின்னால் ஓடின. காரணமே இல்லாமல் நானும் சித்தி மகளும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். நைனா, "வயித்துல பூச்சி கீதா ரெண்டு பேருக்கும்" என்று அண்ணனைக் கேட்டார்.

கல்லூரித் திடல் ஒன்றுக்கு மூன்று பக்கம் படிக்கட்டு கட்டி ஸ்டேடியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான்காவது பக்கத்தில் மேடை, அதற்குப் பின்னால் மலை. மேடையின் இரண்டு ஓரத்திலும் எங்கள் சபைக் கட்டடத்தின் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள். உள்ளூர் மைக் செட்காரர் ஒருவர் அவற்றின் கீழே நின்று, கோயிலுக்குள் வந்தவர்போல் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வி.ஐ.பி. பகுதியில் கல்யாண மண்டபத்துச் சோபாக்கள்.

ஏற்பாட்டாளரின் வேண்டுதலில் இன்னொரு பகுதியும் இருந்தது. மொட்டை அடித்து வருகிறவர்களுக்கு இலவச அனுமதி. ஆகையால் எங்கள் பக்கத்துப் படிகள் முழுக்க மொட்டைத் தலைகள், புதுச் சந்தனம் பூசியவை. ஆண், பெண், கைக்குழந்தை, பாட்டி எல்லாரும் மொட்டை. கல்லூரி மாணவர்களில் சிலர் டிக்கெட்டுக்குப் பதிலாக முடியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் மட்டும் அடிக்கடி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மேடை விளக்குகளைப் போட்டுப் பார்த்தபோது அந்தச் சந்தனத் தலைகள் அத்தனையும் பலாச்சுளைபோல் மின்னின.

வெயில் தாழ்ந்ததும் நான்கு பேரும் மேடைக்கு வந்தார்கள். மொட்டைக் கடலைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பாடகர் தன் முடியைக் கையால் பிடித்துக்கொண்டு மைக்கில், இதை இன்று ராத்திரி காப்பாற்றிக்கொண்டு போக முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் விஷயம் புரியாமலே கைதட்டினார்கள்.

பிறகு முதல் அடி விழுந்தது.

அதை எப்படிச் சொல்வது. என் முந்தானையைத் தோளில் குத்தியிருந்த ஊசி அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. கைக்குழந்தை ஒன்று அழலாமா சிரிக்கலாமா என்று யோசித்துச் சிரித்துவிட்டது. நைனா இரண்டு காதிலும் விரல் விட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த மொட்டைப் பெரியவர் எழுந்து, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு, எங்கள் ஊர்க் கங்கம்மா கோயில் ஜாத்திரையில் ஆடுவதுபோல் ஆட ஆரம்பித்தார். அந்த ஆட்டம் அந்தத் தாளத்துக்கு அச்சாகப் பொருந்தியது. அவரைப் பார்த்து மாணவர்கள் ஆடினார்கள். மாணவர்களைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் லத்தியைத் தரையில் தட்டினார். மூன்றாவது பாட்டில் நைனாவின் ஒரு விரல் காதிலிருந்து வெளியே வந்தது. நான்காவதில் குடை தாளம் போட்டது. நானும் சித்தி மகளும் கையைக் கோத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே குதித்தோம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை, வார்த்தையே இல்லை என்று நினைக்கிறேன்.

குதித்து இறங்குகிற ஒரு நொடியில் கீழே சோபா வரிசை கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, எங்கள் அதிகாரி. என் விண்ணப்பம் யார் மேஜையில் இருந்ததோ அவரேதான். பக்கத்தில் அவர் மனைவி.

நான் சித்தி மகளின் முந்தானையை எடுத்து என் தலையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாக்கா?"

"கீழ பாரு. என் ஆபீசர்."

"நம்ம பக்கம் திரும்பல. குனிஞ்சிக்க."

குனிந்துகொண்டேன். அப்படியே கச்சேரி முடிந்திருந்தால், இந்த நினைவுக்கு இங்கேயே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். விளக்குகளைக் குறைத்தார்கள். கிடாரில் மெதுவாக ஏழெட்டுச் சுரங்கள் விழுந்தன. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் நைனாவைப் பார்த்தோம்.

நைனா எழுந்து நின்றார்.

"டேய், இது நம்ம பாட்டுடா."

அண்ணன் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெள்ளக்காரன் நம்ம பாட்டப் பாடறான் பாரு. இவ்ளோ நேரம் கண்டதையும் கத்திக்கினு இருந்தவன், கடைசில ஆண்டவர்கிட்ட வந்துட்டான்." குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இன்னா பாத்துக்கினு கீறீங்க? பார்ட்ட எடுங்க."

தலைமையாசிரியர் குரல் அது. சித்தி மகள் தானாகவே மேல் குரலை எடுத்துவிட்டாள். டெனர் வந்தது. நான் முந்தானைக்கு அடியிலிருந்தே ஆல்டோவைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது? ஆல்டோ இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழும், அது அதைவிடப் பெரிய குற்றம். நைனாவின் பாஸ் அடியில் வந்து உட்கார்ந்ததும் சுற்றியிருந்த மொட்டைகள் மேடையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாதிப் பாட்டில் எனக்குப் பயம் போய்விட்டது. மேடையிலிருந்து அவர்கள், படிக்கட்டிலிருந்து நாங்கள். ரேடியோ கடையில் அண்ணன் காதால் கேட்டு எழுதியது ஒரு சுரமும் தப்பவில்லை.

பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் மலையில் பட்டுத் தேய்ந்தது. கைதட்டல் எழுவதற்கு முன்னால், ஒரு மூச்சு அளவுக்கு ஸ்டேடியம் முழுக்க நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் நாங்கள் ஆமென் போட்டோம்.

போடாமல் இருக்க முடியாது. பிறந்ததிலிருந்து எந்தப் பாட்டையும் அது இல்லாமல் முடித்ததில்லை. தாளிலும் அப்படித்தான் இருந்தது. நான்கு குரல், இரண்டு நீண்ட அசை, நைனாவின் பாஸ் இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது. ஸ்டேடியம் முழுக்கத் திரும்பியது. சோபாவில் அதிகாரி திரும்பினார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

அதற்குள் சுற்றியிருந்த படிகளிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு கூட்டம் பாடி முடித்தால் இன்னொரு கூட்டம் என்ன சொல்ல வேண்டும் என்பது, மலையில் வரிசையில் நின்று வந்தவர்களுக்கு நாக்கில் ஊறியிருந்தது. ஆடிய பெரியவர் கையைத் தூக்கினார். "கோவிந்தா" என்றார். அத்தனை மொட்டையும் ஒரே குரலில், "கோவிந்தா" என்றது.

மேடையில் டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தார். பாடகர் மைக்கில், அது என்ன, இன்னொரு முறை, என்றார். விளக்குக்காரர் ஒருவர் வெளிச்சத்தைத் திருப்பி எங்கள்மேல் விட்டார். தலையில் சித்தி மகளின் முந்தானையோடு நான் அந்த வெளிச்சத்தில் நின்றேன். கிடார்காரர் சுரம் கொடுத்தார். நைனா குடையைத் தூக்கிப் பிடித்து, பள்ளி ஆண்டு விழாவில் செய்வதுபோல் ஒரு முறை காற்றில் வெட்டினார். ஆமென். படிகளிலிருந்து கோவிந்தா. டிரம்ஸ் இடிபோல் ஒன்று போட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டும் அப்படித்தான் முடிந்தது. அவர்கள் பாடி முடித்ததும் கையை எங்கள் பக்கம் நீட்டுவார்கள். நாங்கள் ஆமென், மொட்டைகள் கோவிந்தா, டிரம்ஸ் இடி, எல்லாரும் சிரிப்பு. கடைசிப் பாட்டுக்குள் மாணவர்கள் ஆமெனையும் நாங்கள் கோவிந்தாவையும் கற்றுக்கொண்டுவிட்டோம். லத்திப் போலீஸ்காரர் இரண்டையும் சொன்னார்.

வெளியே வரும்போது வாசல் நெருக்கடியில் அதிகாரியின் நேர் எதிரில் தள்ளப்பட்டேன். முந்தானையை இழுத்துப் பயனில்லை, அது சித்தி மகளோடு முன்னால் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடை வச்சிருந்தவர் உங்க நைனாவா? அந்த மனுஷனுக்கு எவ்ளோ நல்ல குரல்." பிறகு கணவரிடம் தெலுங்கில், இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"பாத்த மாதிரி இருக்கு" என்றார் அதிகாரி.

திங்கட்கிழமை காலை அழைப்பு வந்தது. சூப்பரிண்டெண்ட், "போய்ட்டு வாம்மா" என்றார், ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்புகிறவர்போல். அதிகாரியின் மேஜைமேல் என் விண்ணப்பம் இருந்தது. வெள்ளிக்கிழமை இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில்.

"இந்த அனுமதி உங்களுக்கு இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும் சார். போய்ட்டு வந்ததுக்குப் பின்னேற்பு தரலாம்னு விதியில இடம் இருக்கு."

"இருக்கு. தெரியும்." நாற்காலியில் சாய்ந்தார். "ப்ரொபேஷன் எப்போ முடியுது?"

"இந்த மாசம் சார்."

"உங்களுக்கு நான் குடுக்கலாம். ஒரு சிக்கல்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "நானும் கேட்டிருந்தேன், மேல. எனக்கும் பதில் வரலை. எனக்கே ஏற்பு இல்லாதப்போ, நான் போன அதே இடத்துக்குப் போன உங்களுக்கு நான் எப்படி ஏற்பு கொடுக்கிறது? நாளைக்கு ஆடிட் கேட்டா?"

மறுத்துப் பேச இடமில்லை. அந்த வாதத்தில் ஒரு சந்துகூட இல்லை. பின்னாளில் எத்தனையோ முறை அதையே நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"நீங்க தரிசனம்னு எழுதியிருக்கலாமே சார்" என்றேன். வாய் தவறிவிட்டது.

"எங்க வீட்டு மேடமும் அதான் சொல்றாங்க. எழுதியிருந்தா மலை ஏறணுமே. உங்க கச்சேரி முடியறதுக்குள்ள அது நடக்கிற காரியமா?"

ஆக, அவருடைய பதில் மாநிலத் தலைநகரிலிருந்து வர வேண்டும். அது வந்தால் என்னுடைய பதில். அது வந்தால் ப்ரொபேஷன் உத்தரவு. அதுவரைக்கும் என் பெயருக்கு எதிரே, நிலுவையில் ஒரு தாள் இருக்கிறது என்று எழுதி நிறுத்தினார்கள். வெயில் காலம் போனது. மாங்காய் வந்தது, போனது. சூளூர்பேட்டையிலிருந்து, பெண்ணின் வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று விசாரித்து ஆள் அனுப்பினார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று நைனா சொல்லி அனுப்பினார். மழைக் காலத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனே வந்தார், ஒரு கூடை இறாலோடு. சங்கராந்தி விடுமுறைக்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்த விடுமுறையிலேயே நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா கொடுத்த வாக்குப்படி அது நியாயம்தான்.

இதற்கிடையில் நைனா மாறியிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், வெள்ளைக்காரர்கள் நம் கீர்த்தனையை நன்றாகத்தான் பாடினார்கள், ஆமெனை மட்டும் மறந்துவிட்டார்கள், நாம் எடுத்துக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் இன்றுவரை அவரைத் திருத்தவில்லை. இறால் கூடை வந்த அன்று மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, அந்தப் பேப்பர் வந்துச்சா?"

"இல்ல நைனா."

"நீ சூளூர்பேட்டை போய்ட்டா ஆல்டோவுக்கு எங்கடி போறது நான்?" போகத் திரும்பினவர் நின்றார். "வாக்கு வாக்குதான். ஆனா கேட்டுக்கினே இரு. ரிமைண்டர் போடு."

நான் போட்டேன். ரிமைண்டர் எழுதுகிற கலையை அந்த மாதங்களில்தான் கற்றேன். முதலாவதில் பணிவு, இரண்டாவதில் பணிவோடு தேதி, மூன்றாவதில் தேதி மட்டும். என்னுடைய மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு, அதே வாசகத்தில் அதிகாரி தன்னுடையதை மேலே எழுதினார் என்று சூப்பரிண்டெண்ட் பிறகு சொன்னார். நைனா ஒவ்வொரு மாலையும் பள்ளி விட்டதும் அலுவலக வாசலில் குடையோடு வந்து நின்றார். நான் தலையை ஆட்டுவேன். அவர் திரும்பி நடப்பார். டிசம்பர் போனது. சூளூர்பேட்டையில் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல்காரரிடம் பேசிவிட்டதாகத் தகவல் வந்தது.

அதிகாரிக்குத் தலைநகரின் பதில் காலைத் தபாலில் வந்தது. எனக்கு அவர் கையாலேயே எழுதி, டைப் செய்யக்கூடக் காத்திருக்காமல், 'பணி திருப்திகரம்' என்ற ப்ரொபேஷன் உத்தரவையும் கூடவே இணைத்துக் கொடுத்தனுப்பினார்: மேற்படி தேதியில் தலைமையிடம் நீங்கித் திருப்பதி சென்று வர அனுமதி அளிக்கப்படுகிறது, அடுத்த வேலை நாள் அலுவலக நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது என் மேஜைக்கு வந்தது, கச்சேரிக்கு அடுத்த ஆண்டு, போகிக்கு முந்தின நாள், சங்கராந்தி விடுமுறைக்கு முன்னால் அலுவலகம் இயங்கிய கடைசி வெள்ளிக்கிழமை.